மீளழைக்கப்படும் வண்டிகள்: பொறுப்பு கைமாறிய வரலாறு

விற்ற பொருளுக்கும் விற்றவனுக்கும் இடையிலுள்ள தொடர்பு விலை கைமாறிய கணத்திலேயே அற்றுவிடுகின்றது என்பது சந்தையின் பழைய நியதி. பொருளை ஆராய்ந்து வாங்குதல் வாங்குபவனின் கடமை. ஏமாந்தால் நட்டமும் அவனுடையதே. இருபதாம் நூற்றாண்டில் இந்நியதியை உடைத்த பொருள்களுள் மோட்டார் வண்டி தலையாயது. ஆயிரக்கணக்கான பாகங்களைக் கொண்டு தொழிற்சாலையிற் பூட்டப்பட்டு வரும் ஓர் இயந்திரத்தின் உள்ளிருக்கும் குறையை வாங்குபவர் கண்ணாற் கண்டறிதல் இயலாது. எனவே, தாம் விற்ற வண்டியில் உயிருக்கு ஆபத்து விளைக்கும் குறைபாடு உண்டென அறியும் உற்பத்தியாளர், அதனை மீளவும் அழைத்து, பரிசோதித்து, தமது செலவிலேயே திருத்திக் கொடுத்தல் வேண்டும் என்ற முறை தோன்றியது. இதனை மீளழைப்பு எனலாம்.

மோட்டார் சைக்கிள் உரிமையாளர் ஒருவருக்கு இத்தகைய அறிவித்தல் கிடைக்கும்போது அதனைக் கம்பனியின் பெருந்தன்மை என்றோ, ஒரு நாட் பொழுதை வீணாக்கும் தொல்லை என்றோ அவர் எண்ணக்கூடும். உண்மையில் அது நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் நெடுங்காலம் நிகழ்ந்த போராட்டத்தின் பேறாகும். குறைபாட்டுக்கான பொறுப்பு வாங்குபவரிடமிருந்து உற்பத்தியாளருக்கு மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் எவ்விடத்தில் இன்னும் நிறைவுறாதுள்ளது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தம் என்னும் மதில்

1842 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விசாரிக்கப்பட்ட விண்டர்பொட்டம் எதிர் ரைட் என்னும் வழக்கிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருந்தும். தபால் வண்டியொன்று பழுதுற்றுக் கவிழ்ந்ததில் அதனைச் செலுத்தியவர் படுகாயமடைந்தார். வண்டியை வழங்கிப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் ரைட். ஆயினும் அவர் ஒப்பந்தஞ் செய்திருந்தது தபால் அதிபருடனேயன்றி வண்டியோட்டியுடன் அன்று. ஒப்பந்தத்திற் பங்குகொள்ளாத ஒருவர் வழக்குத் தொடர இடமளித்தால், வீதியாற் செல்லும் எவரும் வழக்குத் தொடரலாம் என நீதிபதிகள் அஞ்சினர். வழக்குத் தள்ளுபடியாயிற்று.

உற்பத்தியாளரைச் சூழ்ந்து நின்ற இம்மதில் மோட்டார் யுகத்தில் விசித்திரமான விளைவைத் தந்தது. கார்க் கம்பனி தனது கார்களை முகவருக்கு விற்றது. முகவர் பொதுமக்களுக்கு விற்றார். பழைய விதிப்படி கம்பனியின் கடப்பாடு முகவரோடு முடிந்துவிடும். வண்டியில் ஏறிச் செல்பவருக்கோ எவ்விதப் பாதுகாப்பும் இல்லை.

மக்பர்சன் எதிர் பியூக் மோட்டார் கம்பனி என்ற வழக்கில், 1916 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் இம்மதிலைத் தகர்த்தது. முகவரிடம் வாங்கிய பியூக் காரின் மரச் சக்கரம் ஒன்று ஓட்டத்தின்போது நொறுங்கியமையால் மக்பர்சன் காயமுற்றார். சக்கரத்தைத் தான் செய்யவில்லை, வேறொரு நிறுவனத்திடம் வாங்கியதாகக் கம்பனி வாதிட்டது. நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதனை ஏற்கவில்லை. கவனமின்றிச் செய்யப்பட்டால் உயிருக்கு ஆபத்தாகும் ஒரு பொருளை, வாங்கியவரல்லாத பிறரே மேலும் சோதியாது பயன்படுத்துவர் என அறிந்தும் சந்தைக்கு விடுபவர், அப்பிறருக்கும் கடப்பாடு உடையவர் என அவர் தீர்த்தார். தக்க பரிசோதனை நிகழ்ந்திருப்பின் மரத்தின் குறை வெளிப்பட்டிருக்கும் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படை. பிற்காலத்தில் மீளழைப்பின் உயிர்நாடியான பரிசோதனை, சட்டக் கடமையாக இவ்வாறு வலியுறுத்தப்பட்டது.

ஆயினும் இத்தீர்ப்பு விபத்துக்குப் பிந்திய நட்டஈட்டையே தந்தது. விபத்துக்கு முன்னரே எச்சரிக்கும் கடமையை எச்சட்டமும் அந்நாளில் விதிக்கவில்லை.

மறைவில் நிகழ்ந்த திருத்தம்

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உற்பத்தியாளர்கள் தமது வண்டிகளின் குறைபாடுகளை அறியாதிருந்தனர் எனல் தவறு. அறிந்தபோது அவர்கள் முகவர்களுக்கு மாத்திரம் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கம். வேறொரு வேலைக்காக வண்டி வேலைத்தளத்துக்கு வருமாயின், உரிமையாளருக்குத் தெரிவியாமலே பாகம் மாற்றப்படும். வாராத வண்டி குறையுடனேயே ஓடும். நற்பெயருக்குப் பங்கம் நேராது என்பது கம்பனியின் கணக்கு. அக்கணக்கில் உரிமையாளரின் உயிர் தற்செயலுக்கு விடப்பட்டது.

1965 இல் றால்ஃப் நேடர் என்னும் இளம் சட்டத்தரணி, செவர்லே கோர்வெயர் உட்படப் பல கார்களின் பாதுகாப்பின்மையைச் சாடி ஒரு நூலை வெளியிட்டார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அவரது தனிவாழ்வைத் துருவ ஒற்றர்களை ஏவியமை அம்பலமாகவே, அதன் தலைவர் 1966 மார்ச்சில் செனற் உபகுழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி சனாதிபதி ஜோன்சன் தேசிய போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். பாதுகாப்புக் குறைபாட்டை வண்டியின் முதல் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்கும் கடமை உற்பத்தியாளர் மீது சுமத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளும் இச்சட்டத்தில் அடங்கியது.

எனினும் அச்சட்டம் அறிவிக்கச் சொன்னதேயன்றி இலவசமாகத் திருத்தச் சொல்லவில்லை. 1971 இன் இறுதியில், எஞ்சினைத் தாங்கும் இணைப்பு முறியக்கூடும் என்ற காரணத்தால் ஜெனரல் மோட்டோர்ஸ் ஏறத்தாழ 67 இலட்சம் செவர்லே வண்டிகளை மீளழைத்தது. அதன் பின்னர், 1974 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே, எட்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளை உற்பத்தியாளர் செலவின்றித் திருத்திக் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. அறிவித்தல் ஒரு கடமை, திருத்தம் இன்னொரு கடமை என்பது இவ்வாறு எட்டாண்டு இடைவெளியில் உணரப்பட்டது.

கடிதம் சென்றடையுமுன்

இவ்விரு கடமைகளும் சட்டமான பின்னரும் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தமையைப் போர்ட் பின்டோ விவகாரம் காட்டுகின்றது. பின்புறத்தே மோதுண்டபோது அக்காரின் எரிபொருட் தாங்கி சிதைந்து தீப்பற்றும் இயல்புடையதாயிருந்தது. 1978 யூனில் 15 இலட்சம் வண்டிகளை மீளழைப்பதாகக் கம்பனி அறிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 10 ஆம் திகதி, இந்தியானா மாநிலத்தில் பின்டோ ஒன்று மோதுண்டு எரிந்ததில் மூன்று இளம் பெண்கள் மாண்டனர். அக்குடும்பத்துக்குரிய மீளழைப்புக் கடிதம் பல மாதங்களின் பின்னரே வீடு வந்து சேர்ந்தது. கம்பனி மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. எச்சரிப்பதில் அது அசட்டையாகத் தாமதித்ததா என்பதே ஜூரிகள் முன்னிருந்த வினா. 1980 மார்ச்சில் அது குற்றவாளியன்று எனத் தீர்க்கப்பட்டது. தீர்ப்பு எவ்வாறாயினும், குறைபாடு தெரிந்த நாளுக்கும் வண்டி திருத்தப்படும் நாளுக்கும் இடையில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கின்றது என்ற உண்மையை எவராலும் மறுக்க முடியவில்லை.

தகவலை மறைத்தல் ஐக்கிய அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று. யப்பானில் 1969 முதல் மீளழைப்புக்களை அரசுக்கு அறிவிக்கும் முறை இருந்தும், மிற்சுபிஷி நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாடிக்கையாளர் முறைப்பாடுகளை மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் பயர்ஸ்டோன் டயர்கள் 65 இலட்சம் மீளழைக்கப்பட்டன. அவ்வகை டயர்களைப் போர்ட் நிறுவனம் சவூதி அரேபியாவில் முன்னரே மாற்றிக் கொடுத்திருந்தது என்பது அமெரிக்க மக்களைச் சினங்கொள்ளச் செய்தது. வெளிநாட்டில் நிகழும் மீளழைப்பையும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்ற சட்டம் அதன் விளைவாகவே எழுந்தது.

முகவரின் வேலைத்தளம்

மீளழைப்பு சட்டத்திற் பிறந்தாலும் நிறைவேறுவது முகவரின் வேலைத்தளத்திலாகும். 1981 முதல் ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் இலக்கமுங் கொண்ட அடையாளக் குறி விதிக்கப்பட்டது. அக்குறியைக் கொண்டே, எந்த மாதத்தில் எந்தப் பாகம் பூட்டப்பட்ட வண்டி எது எனப் பிரித்தறிய முடிகின்றது. ஆயினும் குறி சந்தேகத்துக்குரிய வண்டியை மாத்திரமே சுட்டும். குறைபாடு உண்மையில் உண்டா என்பதை மெக்கானிக்கின் கையும் கண்ணுமே தீர்மானிக்கும்.

இதன் அருமையை ஹொண்டா கோல்ட் விங் மோட்டார் சைக்கிளின் வரலாறு உணர்த்தும். முன், பின் பிரேக்குகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் அவ்வண்டியில், பிரேக்கை விட்ட பின்னரும் பின்சக்கரப் பிரேக் முற்றாக விடுபடாது உராயக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. உராய்வு வெப்பமாகும், வெப்பம் தீயாகும். 2011 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் மீளழைக்கப்பட்டன. முன்னைய மீளழைப்பின்போது கவனிக்கப்பட்ட வண்டிகளிலும் பிரேக் உராய்வதாக முறைப்பாடுகள் எழவே, ஏறக்குறைய மூன்று ஆண்டுகளின் பின் அவை மறுபடியும் அழைக்கப்பட்டன. பரிசோதித்தாயிற்று என்ற பதிவு வேறு, குறை நீங்கிற்று என்பது வேறு. நான்கு சக்கர வண்டியிற் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடாவது இருக்கும். மோட்டார் சைக்கிளிற் செல்பவருக்கு அதுவுமில்லை. ஆகவே இவ்வேறுபாடு இங்கு மேலும் கூர்மையடைகின்றது.

இந்தியாவிலோ 2012 இல் உற்பத்தியாளர் சங்கம் வகுத்துக்கொண்ட சுயவிருப்ப நெறியே நெடுநாள் நிலவியது. 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மீளழைப்பைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே, சென்னையைத் தளமாகக் கொண்ட ரோயல் என்பீல்ட் நிறுவனம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் தானாகவே மீளழைத்தது. 'இக்னிஷன் கொயில்' எனப்படும் எரிபற்றுச் சுருளிற் கண்ட குறை எஞ்சினின் இயக்கத்தைக் குழப்பும். அரிதாக மின்குறுக்கையும் விளைக்கும். இந்தியாவில் மட்டுமன்றித் தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் விற்ற வண்டிகளும் இதில் அடங்கின. பத்து வீதத்துக்கும் குறைந்த வண்டிகளுக்கே புதிய பாகம் தேவைப்படும் எனக் கம்பனி மதிப்பிட்டது. அச்சிறு தொகையைக் கண்டறியும் பொருட்டு எல்லா வண்டிகளும் முகவரிடம் வந்தாக வேண்டும். வாராத வண்டி நல்லதா தீயதா என்பதை அறிய வேறு வழியில்லை.

முடிவுரை

இலங்கை மக்கள் இவ்வரலாற்றைத் தொலைவில் நிகழ்ந்ததொன்றாகக் கருதுதற்கில்லை. இந்நாட்டிற் பதிவான மோட்டார் வாகனங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே; அவற்றுட் பெரும்பாலானவை இந்தியாவிற் செய்யப்பட்டவை. வண்டி கைமாறும்போது முன்னைய உரிமையாளர் மாற்றப் பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்க, புதியவர் தம் பெயரிற் பதியாமலே ஓட்டும் வழக்கமும் இங்குண்டு. யப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார்களின் முதற் பதிவோ அந்நாட்டிலேயே கிடக்கின்றது. இவ்விரு நிலைமைகளிலும் மீளழைப்புக் கடிதம் எழுதப்பட்டாலும் அது வண்டியில் ஏறிச் செல்பவரைத் தேடிவராது.

1842 இல் தபால் வண்டியோட்டிக்கு நீதி கிடையாமைக்குக் காரணம் ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லாமை. பொறுப்பு உற்பத்தியாளரிடம் சென்று சேர்ந்துவிட்ட பின்னரும், பதிவேட்டில் பெயரில்லாதவர் அவரைப் போன்றே பாதுகாப்புக்கு வெளியில் நிற்கின்றார். உரிமை மாற்றத்தை உடன் பதிதலும், வண்டியின் அடையாள இலக்கத்தைக் கொண்டு முகவரிடம் வினவுதலும், பரிசோதனை முடிந்ததும் என்ன செய்யப்பட்டது என்பதை எழுத்திற் பெறுதலும் சிறு செயல்களே. ஆயினும் உற்பத்தியாளர் மேல் சட்டம் சுமத்திய பொறுப்பு வண்டியோட்டியை வந்தடையும் வழி அவற்றினூடாகவே செல்கின்றது.