கோடியக்கரை

கோடியக்கரை, நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், காவிரிப் படுகையின் தென்கிழக்கு முனையில் உள்ள சிறிய மீனவ ஊர். வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். கோடி என்றால் கடைசி, முனை. தஞ்சையின் நெல்வயல்கள் வேதாரண்யப் பக்கம் வரும்போதே அருகி, உப்பளம், சேற்றுநிலம், மணல்மேடு, காடு என நிலம் மாறிவிடும்.

இவ்வூரின் தனிமைக்குப் பழைய சாட்சி, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரரின் தேவாரப் பதிகம். பதிகங்களில் ஊரின் வளத்தைப் பாடுவதே வழக்கம். இங்கே அவர் இவ்வூர்ச் சிவனான கோடிக்குழகரைப் பார்த்து மனம் கலங்குகிறார். கடற்காற்று வந்து மோதும் கரையில், அருகே ஒரு குடியும் இல்லாமல், யார் துணையோடு இருக்கிறீர் என்று கேட்கிறார். கூகையும் ஆந்தையும் அலறும் காட்டில் அம்மை அஞ்சுவாளே என்றும் வருந்துகிறார். கடவுளுக்காக இவ்வளவு கவலைப்பட்ட பதிகம் அரிது.

சோழர் காலத்தது எனப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் இங்கே இருந்தது. எஞ்சி நின்றதையும் 2004 ஆழிப்பேரலை இடித்தது. 1930 ஏப்ரலில், உப்புச் சத்தியாகிரகத்தின்போது, ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது, பக்கத்து அகத்தியம்பள்ளியில்.

ஊரின் வாழ்க்கை பருவத்தை ஒட்டியது. வடகிழக்குப் பருவக்காற்றோடு வேற்றூர் மீனவர்கள் படகுகளுடன் வந்து, கரையில் கொட்டகை போட்டுச் சில மாதம் தங்கித் தொழில் செய்கிறார்கள். அதே காலத்தில் பூநாரைகளும், சைபீரியாவின் துருவ ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகளும் உப்பளச் சேற்றில் இறங்குகின்றன. ஆடி, தை அமாவாசைகளில் கடலாட வருவோர் கூட்டம். பிறகு ஊர் மீண்டும் தன் சொந்தக் குடிகளோடு நிற்கும்.

வெளிமான்களைக் காக்க 1967இல் சரணாலயம் அமைந்தது. 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் காட்டு மரங்களை வேரோடு சாய்த்தது. மான்களும் காட்டில் திரிந்த மட்டக்குதிரைகளும் மடிந்தன.

முன்பு மீட்டர் கேஜ் ரயில் கோடியக்கரை வரை வந்தது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாதை அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஊருக்குச் சாலைதான்.