ஓடுடைய மீன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

சிப்பி, மட்டி, நண்டு, இறால் ஆகிய உணவுயிர்களை ஆங்கிலேயர் 'ஷெல்பிஷ்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டுவர். 'ஷெல்' என்பது ஓடு. 'பிஷ்' என்பது மீன். ஆயின் இவற்றுள் ஒன்றேனும் மீனன்று. இதனை அறியாமையின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. பழைய ஆங்கிலத்திற் 'சில்பிஸ்க்' என இச்சொல் வழங்கிய காலத்தில், நீர்வாழ் உயிர்களுட் பலவும், திமிங்கிலம் உட்பட, மீனெனவே கொள்ளப்பட்டன. அது பிடிப்போரும் உண்போரும் செய்த பாகுபாடு.

அப்பாகுபாட்டின் வலிமைக்குக் 'கிரேபிஷ்' என்னும் நன்னீர் உயிரியின் பெயர் தக்க சான்று. பழைய பிரெஞ்சுச் சொல்லான 'கிரெவிஸ்' என்பதன் ஈற்றொலியை ஆங்கிலேயர் 'பிஷ்' எனவே செவிமடுத்தனர். மீனோடு எத்தொடர்புமற்ற சொல் மீனாயிற்று.

அறிஞர் மட்டும் செம்மையாகப் பகுத்தனரா? 1758இல் லின்னேயசு நண்டைப் பூச்சியினத்திலும் சிப்பியைப் புழுவினத்திலும் அடக்கினார். அப்பகுப்பு கைவிடப்பட்டது, மீன்பிடிப்போரின் சொல்லோ நிலைத்தது. நண்டினத்தையும் சிப்பியினத்தையும் ஒருங்கே ஆளும் பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டமொன்று அச்சொல்லையே தன் தலைப்பிற் கொண்டுள்ளது.

சொல் மாறாவிடினும் உண்போர் மாறினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் ஏழைகளின் மலிவுணவு சிப்பியே. 1836–37இல் வெளிவந்த 'பிக்விக்' நாவலில், வறுமையும் சிப்பியும் இணைபிரியாதன என்ற கருத்தைப் பணியாள் சாம் வெல்லரின் வாயிலாக டிக்கின்ஸ் வெளியிட்டார். அளவிறந்து வாரியமையாற் சிப்பிப் படுகைகள் அருகின, விலை ஏறிற்று. ஏழையின் தெருவோர உணவு செல்வரின் விருந்து மேசைக்குச் சென்றது.