ஏடுகளின் நகரம்: அம்ஸ்ரர்டாம் வீதிகளில் ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரின் வரலாற்றை நூலகத்தில் அமர்ந்து கற்பது ஒரு முறை. அந்நகரின் வீதிகளிற் கால்நடையாகச் சென்று கற்பது மற்றொரு முறை. முன்னையது ஆண்டுகளையும் பெயர்களையும் வரிசைப்படுத்தித் தருகின்றது. பின்னையது அவ்வரிசையைக் குலைத்து, பல நூற்றாண்டுகளை ஒரே தெருவில் அருகருகே நிறுத்தி வைக்கின்றது. வழிகாட்டி ஒருவரின் பின்னே செல்பவர் அவர் காட்ட விரும்புவதையே காண்பர். நகரப்படம் ஒன்றை மாத்திரம் கையிற்கொண்டு தாமாக நடப்பவரோ எதைக் காண்பது, எங்கே நிற்பது, எதை வினாவுவது என்பவற்றைத் தாமே தீர்மானிக்க வேண்டியவராகின்றார். அவ்வகையில் இவ்வுலா ஒரு வரலாற்றுப் பயிற்சியாகவும் அமைகின்றது. ஒல்லாந்தின் தலைநகரான அம்ஸ்ரர்டாம் இத்தகைய பயிற்சிக்கு மிகவும் ஏற்றதோர் இடமாகும். அதன் பழைய பகுதி முழுவதையும் ஒரு பகற்பொழுதில் நடந்து முடித்துவிடலாம்.

அம்ஸ்ரர்டாம் என்ற பெயர் அம்ஸ்ரல் ஆற்றுக்குக் குறுக்கே கட்டப்பெற்ற அணையிலிருந்து தோன்றியது. இவ்விடம் வரலாற்றில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1275 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 27 ஆந் திகதியிட்ட ஆவணம் ஒன்றிலாகும். ஒல்லாந்தின் பிரபுவாகிய ஐந்தாம் புளோரிஸ், அம்ஸ்ரல் அணையருகே வாழ்ந்த மக்களுக்குச் சுங்க வரியிலிருந்து விலக்களித்த ஆணையே அது. போர் வெற்றியோ, புனிதரின் அற்புதமோ இன்றி, வரிக்கணக்கு ஒன்றின் மூலம் இந்நகர் வரலாற்றுள் நுழைந்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. பின்னர் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்நகரின் உயர்வும் இழிவும் கணக்கேடுகளோடும் பதிவேடுகளோடும் பிணைந்தே வந்துள்ளன.

1889 இல் திறக்கப்பெற்ற மத்திய புகையிரத நிலையமே நடைக்குத் தொடக்கமாக அமைதல் வழக்கம். நீரின் நடுவே செயற்கைத் தீவுகளை அமைத்து, ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களைச் சேற்றில் இறக்கி, அவற்றின்மீது இந்நிலையத்தைக் கட்டினர். இதிலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால், பதினைந்தாம் நூற்றாண்டு நகர மதிலின் எச்சமாகிய ஸ்கிறெயர்ஸ் கோபுரத்தை அடையலாம். கடலோடிகளின் மனைவியர் இங்கு நின்று அழுது விடைகொடுத்தனர் என்றும், அதனாலேயே இது 'அழுவோர் கோபுரம்' எனப்பட்டது என்றும் மக்கள் கூறுவர். ஆய்வாளரோ மதில் இவ்விடத்திற் கூர்ங்கோணமாகத் திரும்பியமையே பெயர்க்காரணம் என்பர். சொல்லாராய்ச்சி மக்கள் கதையைத் தள்ளிவிடினும், அக்கதை ஏன் தோன்றியது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. கீழைத்தேயங்களுக்குச் சென்ற கடலோடிகளுட் பலர் திரும்பி வரவில்லை. அவர்தம் மனைவியர்க்கு இந்நகர் நினைவுச்சின்னம் எதனையும் எழுப்பாத நிலையில், மக்கள் தாமே ஒரு கோபுரத்தைத் தெரிந்து அவர்களுக்கு உரியதாக்கினர் எனக் கொள்வது தவறாகாது.

1306 இல் அபிடேகஞ் செய்யப்பட்ட பழைய தேவாலயம் அண்மையிலேயே உள்ளது. அதன் தளம் முழுவதும் கல்லறைக் கற்களாலானது. கத்தோலிக்க ஆலயமாக விளங்கிய இது, 1578 இல் நகராட்சி புரட்டஸ்தாந்தர் வசமானபோது கல்வின் மரபினரின் கைக்கு மாறியது. 1585 இல் அன்ற்வேர்ப் நகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தபின் அங்கிருந்த வணிகரும் கைவினைஞரும் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களோடு மூலதனமும் தொழில்நுட்பமும் வணிகத் தொடர்புகளும் அம்ஸ்ரர்டாமை வந்தடைந்தன. அகதிகளின் வருகை ஒரு நகரை அழிக்கும் என்ற எண்ணத்திற்கு மாறாக, அம்ஸ்ரர்டாமின் பொற்காலத்திற்கு அடிகோலியவர்களுள் அகதிகளும் அடங்குவர்.

அப்பொற்காலத்தின் உச்சத்தை அணைச் சதுக்கத்தில் நிற்கும் அரண்மனையிற் காணலாம். அரசர்க்கென இது கட்டப்பெறவில்லை. யாக்கோப் வான் கம்பென் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1648 இல் நகர மண்டபமாகத் தொடங்கப்பெற்று, 1655 இல் திறந்துவைக்கப்பெற்றது. நெப்போலியனின் சகோதரனாகிய லூயி பொனபார்ட் 1808 இல் இதனைத் தன் அரண்மனையாக்கினான். 13,659 மரக்கம்பங்கள் இதனைத் தாங்கி நிற்கின்றன. நடு மண்டபத்தின் தளத்திற் பூமியின் இரு அரைக்கோளங்களும் சலவைக் கல்லிற் பதிக்கப்பட்டுள்ளன; நகர மாந்தர் உலகத்தை மிதித்து நடந்தனர். பின்புற முகப்பிலுள்ள சிற்பத்தில் நான்கு கண்டங்களும் தத்தம் பொருள்களை ஏந்தி நகரமங்கையின் முன் நிற்கின்றன. கண்டங்கள் விரும்பிக் கொணர்ந்தனவா, வற்புறுத்தலாற் கொணர்ந்தனவா என்பதைச் சிற்பி கூறவில்லை.

அதற்கு விடை தேடுபவர் அங்கிருந்து சில நிமிடத் தூரத்திலுள்ள பழைய உயர் வீதிக்குச் செல்லல் வேண்டும். 1606 இல் எழுந்த கிழக்கிந்திய மாளிகை அங்கேயே உள்ளது. 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தொடக்க மூலதனம் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். அதில் அரைவாசிக்கு மேற்பட்டதை அம்ஸ்ரர்டாமே வழங்கியது. இந்நகரிற் பங்கு வாங்கிய 1,143 பேருட் பெருவணிகரும் இருந்தனர், வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியும் இருந்தாள். கம்பனியை நெறிப்படுத்திய பதினேழு பிரபுக்களில் எண்மர் அம்ஸ்ரர்டாமைச் சார்ந்தோர். அவர்கள் இம்மாளிகையிற் கூடி எடுத்த முடிவுகள், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆசியக் கரையோரங்களின் வாழ்வைத் தீர்மானித்தன.

இலங்கை வாசகர்க்கு இம்மாளிகை அந்நியமானதன்று. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது முதல் 1795 இல் அது ஆங்கிலேயரிடம் வீழும் வரை, யாழ்ப்பாணத்து ஆட்சிக்கான கட்டளைகள் இங்கிருந்து வந்தன. தென்மேற்கிலங்கையின் கறுவா கம்பனியின் தனியுரிமையாயிற்று. அதனைக் களவாக உரிப்போர்க்கும் விற்போர்க்கும் கடுந்தண்டனைகள் விதிக்கப்பட்டன. வட பகுதியின் யானைகளும் சாயவேரும் அதன் வாணிபப் பட்டியலில் இடம்பெற்றன. நிலத்தையும் அதற்குரியோரையும் தோம்புகளில் எழுதிய அதே பேனா, மாளிகையின் இலாபக் கணக்கையும் எழுதியது. எனினும் இத்தொடர்பு வாணிபத்தோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பல்டேயஸ் பாதிரியார் மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றி எழுதிய பெருநூல் 1672 இல் இந்நகரிலேயே அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளையும் இலக்கணத்தையும் ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்யும் பகுதியொன்றும் அதில் உண்டு. யொகான்னஸ் பர்மன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலும் 1737 இல் இங்கேயே வெளிவந்தது. கொள்ளையும் அறிவும் ஒரே கப்பலிற் பயணஞ் செய்தமை காலனித்துவ வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்றாகும்.

கம்பனி 1799 இற் கலைக்கப்பட்டது. அதன் மாளிகை இன்று அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக உள்ளது. மிளகும் கறுவாவும் களஞ்சியப்படுத்தப்பட்ட கட்டடத்தில் இப்பொழுது மாணவர் விரிவுரை கேட்கின்றனர். கம்பனியின் ஆவணங்களோ 2003 ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. ஆட்சிக்கும் இலாபத்துக்குமாக எழுதப்பட்ட ஏடுகளிலேயே, ஆளப்பட்ட மக்களின் வரலாற்றையும் தேடவேண்டிய நிலை ஆய்வாளர்க்கு ஏற்பட்டுள்ளது.

நடை கிழக்கே பழைய யூதர் குடியிருப்பை நோக்கித் தொடர்கின்றது. ஐபீரிய நாடுகளின் மத விசாரணைக்கு அஞ்சி வந்த யூதர், 1675 இல் இங்கு எழுப்பிய போர்த்துக்கேய யூத ஆலயம் இன்றும் வழிபாட்டிலுள்ளது. பிற நகர்கள் யூதரை மதிற் சுவர்களுக்குள் அடைத்துவைத்த காலத்தில், அவர்கள் வெளிப்படையாக இத்தகைய பேராலயத்தைக் கட்ட முடிந்தமை அம்ஸ்ரர்டாமின் சகிப்புத்தன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அச்சான்று உண்மையே. ஆயினும் அதே ஆலயத்தின் நிழலிலேயே அச்சகிப்புத்தன்மை தோல்வியுற்ற கதையையும் கூறவேண்டியுள்ளது.

1940 இல் ஜேர்மனியர் ஒல்லாந்தைக் கைப்பற்றியபோது இந்நகரில் ஏறத்தாழ 80,000 யூதர் வாழ்ந்தனர். நகராட்சியின் பதிவேடுகள் ஒழுங்குக்கும் துல்லியத்துக்கும் பெயர் பெற்றவை. 1941 இல் ஆக்கிரமிப்பாளரின் கட்டளைப்படி நகராட்சி அலுவலர் வரைந்த நகரப்படம் ஒன்றில், ஒவ்வொரு கரும்புள்ளியும் பத்து யூதரைக் குறித்தது. தெருத்தெருவாகப் புள்ளியிட்ட அவ்வெழுதுவினைஞர் எவரையும் கொல்லவில்லை. தமக்கு இடப்பட்ட பணியைத் திறம்படச் செய்தனர். பதிவேட்டைக் கையிலேந்தி வீடு தேடி வருவோர் எத்தகையோர் என்பதை உணர வேறு நாட்டு வாசகர்க்கும் நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை.

நகர மக்கள் யாவரும் வாளாவிருந்தனர் என்பதும் பொருந்தாது. 1941 பெப்ரவரியில் நானூறுக்கு மேற்பட்ட யூத இளைஞர் பிடித்துச் செல்லப்பட்டதைக் கண்டித்து, 25 ஆம் 26 ஆந் திகதிகளில் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ற் கட்சியினர் அழைப்பு விடுக்க, ட்றாம் வண்டிகள் நின்றன, துறைமுகம் நின்றது. போராட்டம் துப்பாக்கிகளால் அடக்கப்பட்டது. ஆலயத்தின் அருகேயுள்ள சதுக்கத்தில், 1952 இல் நிறுவப்பெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவரின் சிலை அதனை நினைவூட்டி நிற்கின்றது.

சற்றுத் தூரத்தில், மிருகக்காட்சிச் சாலைக்கு அருகேயுள்ள தெருவில், வரலாறு கற்போர் கட்டாயம் நிற்கவேண்டிய இடமொன்றுண்டு. நகரின் குடிசனப் பதிவகம் யுத்த காலத்தில் அங்கே இயங்கியது. 1943 மார்ச் 27 ஆந் திகதி இரவு, கலைஞரும் எழுத்தாளரும் அடங்கிய எதிர்ப்பியக்கக் குழுவொன்று காவற்றுறை உடையில் அதனுட் புகுந்து தீ வைத்தது. ஓவியரும் எழுத்தாளருமாகிய வில்லெம் அறொண்டேயுஸ், சிற்பியாகிய கெறிற் வான் டெர் வேன் ஆகியோர் இதனை முன்னின்று நடத்தினர். தீயணைப்புப் படையினர் இயன்றவரை தாமதித்ததோடு, வேண்டியதிலும் அதிகமாக நீர் பாய்ச்சி அட்டைகளைச் சிதைத்தனர். எனினும் பதிவுகளிற் சிறு பகுதியே அழிந்தது. இச்செயலுக்காகப் பன்னிருவர் அவ்வாண்டு யூலை முதலாந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டனர். அறொண்டேயுஸ் அவர்களுள் ஒருவர்.

ஏடுகள் எரிவதைக் கண்டு வருந்திய சமூகமொன்றின் வாசகர்க்கு இந்நிகழ்ச்சி எளிதிற் செரிக்கத்தக்கதன்று. ஆவணத்தைப் பேணுதல் வரலாற்று மாணவரின் முதற்கடன் எனக் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் மனித உயிரைக் காப்பதற்காக ஆவணத்தை எரித்தவர்களை வரலாறு எவ்வாறு மதிப்பிடும்? ஒரு சமூகத்தின் நினைவை அழிப்பதற்காக இடப்படும் தீயும், ஒரு சமூகத்தைக் கொலைக்களத்துக்கு அனுப்பும் கருவியை அழிப்பதற்காக இடப்படும் தீயும் ஒன்றாகா. ஏடு தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று; அது எவர் கையில், எந்நோக்கத்திற்காக உள்ளது என்பதே வினா. 2021 இல் இதே பகுதியிற் திறந்துவைக்கப்பெற்ற நினைவிடத்தில், ஒல்லாந்திலிருந்து கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட 102,000 இற்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செங்கற்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்வதற்காகத் தொகுக்கப்பட்ட பெயர்ப்பட்டியல், இங்கு நினைவுகூர்வதற்கான பட்டியலாக மீண்டும் எழுதப்பட்டுள்ளது.

மேற்கே திரும்பினால், 1613 முதல் தோண்டப்பெற்ற கால்வாய்கள் பிறைவடிவில் நகரைச் சூழ்ந்திருக்கக் காணலாம். 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இக்கால்வாய் வளையத்தின் ஒடுங்கிய உயர்ந்த வீடுகள், உச்சியிற் பொருள் ஏற்றும் கொளுக்கிகளோடு, குடியிருப்பாகவும் களஞ்சியமாகவும் விளங்கின. பிரபுக்கள் கால்வாயின் 502 ஆம் இலக்க மாளிகை நகர முதல்வரின் உத்தியோக வாசத்தலமாகும். 1672 இல் இதனைக் கட்டுவித்த போலுஸ் கோடின் அடிமை வாணிபத்தில் ஈடுபட்ட மேற்கிந்தியக் கம்பனியின் இயக்குநர். இவ்வுண்மையைக் கூறும் கல் ஒன்று 2006 இல் அங்கு பதிக்கப்பட்டது. 2021 யூலை முதலாந் திகதி, அடிமைமுறையில் நகராட்சி வகித்த பங்கிற்காக நகர முதல்வர் வெம்கே ஹல்செமா பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ஒல்லாந்தின் மேற்கிந்தியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1863 இலாகும். மன்னிப்புக்கு மேலும் 158 ஆண்டுகள் பிடித்தன.

நடையின் இறுதியில், இளவரசர் கால்வாயின் 263 ஆம் இலக்க வீட்டை அடையலாம். 1942 யூலை முதல் 1944 ஓகஸ்ற் 4 ஆந் திகதி வரை அன்னா பிராங்க் என்ற சிறுமி மறைந்து வாழ்ந்து தன் நாட்குறிப்பை எழுதிய இடம் அது. பேரரசின் கணக்கேடுகளும் நகராட்சியின் பதிவேடுகளும் நிறைந்த ஒரு நகரில், உலகம் மிகவும் அறிந்த ஏடு ஒரு சிறுமியின் கையேடாக அமைந்துவிட்டது. எண்ணப்பட்டோருள் ஒருத்தி தானே எழுதியமை அதன் தனிச்சிறப்பாகும்.

அம்ஸ்ரர்டாமின் வீதிகள் உணர்த்துவது இதுவே. எவர் எவரைப் பற்றி எழுதினர், எழுதப்பட்டோர் தம்மைப் பற்றி என்ன எழுதினர் என்ற இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பாதவரை, எந்நகரின் வரலாறும் அரைகுறையானதே. கம்பனியின் ஏடுகளில் எண்களாகவும் பெயர்களாகவும் இடம்பெற்ற ஈழத்து மக்களின் வரலாற்றை எழுத முனைவோர்க்கும் இவ்வினாக்கள் பொருந்தும். தோம்புகளை வாசிக்கும் கண், அவற்றில் எழுதப்படாத குரலையும் தேடுதல் வேண்டும்.