பெங்களூருல பழைய கார் வாங்குறீங்களா? கே.ஏ. நம்பர் டி.என். 70 ஆக மாற என்ன செலவு, என்ன சிக்கல்?

இருக்கிற காரைக் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்குக் கொஞ்சம் பெரிய வண்டியா பார்க்கலாம் என்று முடிவெடுத்தால், மத்திகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் தேடுவது பெங்களூருவில்தான். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. அங்கே செகண்ட் ஹேண்ட் சந்தை பெரிசு. ஒரே மாடலில் நாலைந்து வண்டியை ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே பேசி முடிக்கிற விலை பாதிக் கணக்குதான். மீதி, ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது.

மறுபடியும் வரியா?

ஆமாம். முதல் ஓனர் கர்நாடகாவில் ஆயுட்கால வரி கட்டியிருந்தாலும், தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் இங்கே புது கார்களுக்கான விகிதம்: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. வண்டிக்கு வயசு ஏற ஏற இந்த விகிதம் குறையும். ஆனால் பலரும் ஏமாறும் இடம் இதுதான்: கணக்கு போடுவது வண்டி புதுசாக வாங்கப்பட்டபோது இருந்த விலையை வைத்து, நீங்கள் பேரம் பேசிக் குறைத்த விலையை வைத்து அல்ல. அதனால் ஒரிஜினல் இன்வாய்ஸ் நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. இங்கே புது நம்பர் வந்த பிறகுதான் அங்கே விண்ணப்பிக்க முடியும். அந்தப் பணம் யாருக்கு என்பதை விற்பவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

"ஒரு வருஷம் அப்படியே ஓட்டலாம் சார்"

புரோக்கர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு, வேறு மாநில நம்பருடன் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் புது நம்பர் வாங்கச் சொல்வது உண்மைதான். ஆனால் ஓனர் பெயர் மாற்றம் வேறு விஷயம். அதற்கு 50-வது பிரிவு. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். 12 மாதம் என்று நம்பி உட்கார்ந்தால் இந்தக் கெடு போய்விடும்.

இதற்கெல்லாம் அடிப்படை, வண்டி பதிவான கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று. படிவம் 28. கடன் பாக்கி இருந்தாலோ, அபராதம் கட்டாமல் இருந்தாலோ இது இழுக்கும். எம் பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ், கடன் விவரம் தெரியும். கடன் முடிந்திருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30-ம் வேண்டும். தடையில்லாச் சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18% ஆகக் குறைந்துவிட்டது. பழைய கார் விலை, வரி, அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, புது சின்ன கார் விலையையும் ஒருமுறை விசாரிக்கலாம்.

இன்சூரன்ஸ்: 14 நாள்

பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வரும். ஆனால் உங்கள் வண்டிக்கே சேதம் என்றால், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருக்கும்போது கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, உங்களுக்கு வராது.

நீங்கள் விற்கும் பழைய காருக்கும் இதே கவனம் தேவை. 2007-ல் விற்கப்பட்டு, பல கை மாறி, பெயர் மட்டும் மாறாத ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டு, வாங்குபவரின் அடையாளச் சான்று நகல், பெயர் மாறிய பிறகு வரும் ஆர்.சி. நகல், இந்த மூன்றும் உங்களிடம் இருக்கட்டும்.