வீட்டுக் கணினியில் அலுவலக அமானிதம்

கொரோனா ஊரடங்கில் பரவலான ‘வீட்டிலிருந்தே வேலை’ முறை பலருக்கு இன்றும் தொடர்கிறது. அலுவலகத்தில் கணினியின் பாதுகாப்பை அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவினர் கவனித்துக்கொள்வார்கள். வீட்டிலோ அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி நம்முடையதாகிறது. அதன் கனத்தை அறிய, 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களைப் பூட்டிப் பாதுகாப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழிலே. அவற்றின் காப்பு நகல்கள் இருந்த இடத்துக்கான சாவிகள் நான்கே நான்கு மூத்த பொறியாளர்களிடம் இருந்தன. திருடர்கள் அந்த நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கணினியைக் குறிவைத்தார்கள். படம் பார்ப்பதற்காக அதில் இருந்த பிளெக்ஸ் என்ற மென்பொருள் வழியாக உள்ளே நுழைந்தார்கள். அந்த மென்பொருளின் ஓட்டையைத் தயாரித்தவர்கள் 2020 மே மாதமே அடைத்துவிட்டார்கள். இவர்தான் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் நிரல் ஒன்றைத் திருடர்கள் அங்கே வைத்தார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை முறைப்படி முடித்து அவர் தட்டிய முதன்மைக் கடவுச்சொல் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

எனவே அலுவலக வேலைக்குத் தனிக் கணினி இருப்பதே நல்லது. “கொஞ்ச நேரம்தானே” என்று அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அதிலுள்ள தகவல்கள் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். ‘புதுப்பிக்கவும்’ என்று திரையில் வரும் அறிவிப்பையும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு வழி தொலைபேசி. 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, “தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும்” என்று சிலருக்கு அழைப்பு வந்தது. விபிஎன் கோளாறு அன்று அன்றாடப் பிரச்சினை என்பதால் சிலர் நம்பி, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். ஒபாமா, பைடன் ஆகியோரின் கணக்குகள் வரை கைமாறின. இதை முன்னின்று செய்தவருக்கு வயது 17!

இப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அலுவலகம் ஏற்கெனவே தந்துள்ள எண்ணுக்கு நாமே பேசி உறுதி செய்ய வேண்டும். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்காமல் உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். கணக்கை முடக்க அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களாகக்கூட இருக்கலாம்.