முகவரி இழந்த படங்கள்

கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிற்கற்கள் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது 1836-ஆம் ஆண்டை ஒட்டி. ஒளிப்படக் கலை பாரீசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில். படக்கருவி பிறப்பதற்குச் சற்று முன்னரே அம்மதில் மறைந்துவிட்டது. எனவே அதன் தோற்றத்தைச் சொற்களின் வழியே ஊகிக்கலாமேயன்றிக் கண்ணால் காண வழியில்லை. இன்றோ அதே கோயிலின் முன் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படக்கருவி உண்டு. எடுத்த படம் அடுத்த நொடியே ஊரெங்கும் பரவுகிறது. ஆயினும் எடுக்கப்படுவதெல்லாம் எஞ்சி நிற்குமா என்னும் வினா அப்படியே இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபுரந்தானில் சோழர் காலச் சிவன் கோயில் ஒன்று உள்ளது. வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலின் செப்புத் திருமேனிகள் 2006-இல் களவு போயின. களவு போன செய்தியே 2008-இல்தான் வெளிப்பட்டது. அதே 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நடராசர் சிலை ஒன்றை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் விலைக்கு வாங்கியது. அச்சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காட்டும் போலி ஆவணங்களும் உடன் வந்தன.

அந்த ஆவணங்களைப் பொய்யாக்கியது ஒரு படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகச் சென்று படமெடுக்கும் பணியை அது மேற்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. அவற்றுள் 1994-இல் ஸ்ரீபுரந்தானில் எடுக்கப்பட்ட படங்களும் அடங்கும். சிங்கப்பூரில் பணியாற்றிய சிற்ப ஆர்வலர் எஸ். விஜயகுமாரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் 2013-இல் அப்படங்களையும் கலைக்கூடத்துச் சிலையின் படங்களையும் அருகருகே வைத்து வெளியிட்டனர். மெழுகை உருக்கி வெளியேற்றி வார்த்து, மண் அச்சை உடைத்தெடுக்கும் முறையில் எந்த இரு செப்புத் திருமேனிகளும் முற்றாக ஒத்திருப்பதில்லை. திருவாசியின் சுடர்கள், தேய்வுகள், வார்ப்புக் குறைகள் யாவும் ஒரு சிலைக்கே உரிய கைரேகை போன்றவை. அந்த ஒப்பீட்டின் முன் ஆவணங்கள் நிற்கவில்லை. 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் அந்நடராசரைப் புதுதில்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் சிலைத் திருட்டு வழக்கொன்றில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. அரியலூர் மாவட்டம் பொட்டவெளி வெள்ளூர் வரதராசப் பெருமாள் கோயிலில் 2012-இல் களவு போன அனுமன் திருமேனி நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டு ஆஸ்திரேலியா சென்றது. 2023-இல் அது தமிழகம் திரும்பியது. அதற்கும் சான்றாக நின்றது பிரெஞ்சு நிறுவனத்தார் 1961-இல் எடுத்த படமே. எடுத்தவர்கள் திருட்டை எண்ணி எடுத்தவர்களல்லர். ஆய்வுக்காக எடுத்தார்கள், ஊரையும் கோயிலையும் ஆண்டையும் குறித்து வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் அக்குறிப்பு சாட்சியாயிற்று.

இனி நம் காலத்துப் படங்களுக்கு வருவோம். 2003-இல் ஃபோட்டோபக்கெட், இமேஜ்ஷாக் ஆகியனவும் 2004-இல் ஃப்ளிக்கரும் 2006-இல் பிக்காசா வலைத்தொகுப்பும் தோன்றின. எழுதும் இடம் ஒன்று, படம் தங்கும் இடம் வேறொன்று என்பதே இவற்றின் ஏற்பாடு. நாம் படிக்கும் பக்கத்தில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. பக்கம் திறக்கும்போதெல்லாம் அம்முகவரியிலிருந்து படம் வரவழைக்கப்படும். நூலகத்தில் அட்டை ஓரிடத்திலும் நூல் வேறொருவர் வீட்டிலும் இருப்பதைப் போன்றது இது. வீட்டுக்காரர் மனம் மாறினால் அட்டை மட்டுமே மிஞ்சும்.

மனம் மாறவே செய்தது. கோடாக் நிறுவனம் நொடித்தபோது அதன் படத்தொகுப்பகம் 2012-இல் மூடப்பட்டது. ட்விட்டருக்கான படக்கிடங்காக வளர்ந்த ட்விட்பிக் 2014-இல் நின்றது. நம் நாட்டு இளைஞர்கள் குழுமியிருந்த ஆர்குட்டும் அதே ஆண்டில் மறைந்தது. ஊர் ஊராகப் படங்களை நிலவரைபடத்தில் பொருத்திக் காட்டிய பனோராமியோவும், பிக்காசாவும் 2016-இல் விடைபெற்றன. 2017-இல் ஃபோட்டோபக்கெட் பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கேட்டது. உலகெங்கும் பல்லாயிரம் பக்கங்களில் படமிருந்த இடத்தில் கட்டணம் கேட்கும் சித்திரம் ஒன்று வந்து அமர்ந்தது. ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக வழங்கிவந்த ஃப்ளிக்கர், கைமாறிய பின் 2018-இல் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்களே வரம்பு என்று அறிவித்தது. பெயரின்றி ஏற்றப்பட்ட பழம்படங்களை நீக்கப்போவதாக இம்கர் 2023-இல் சொன்னது.

இதில் எவரையும் பழித்துப் பயனில்லை. சேமிப்பதற்குச் செலவுண்டு, அச்செலவை விளம்பரம் சில காலம் ஏற்றது, பின் ஏற்க மறுத்தது. நாம் விடுதியைக் கருவூலம் என்று எண்ணிக்கொண்டோம் என்பதே சிக்கல். விடுதிக்காரர் நேற்றிருந்தவரை இன்றும் வைத்திருக்கக் கடமைப்பட்டவரல்லர். கருவூலமோ காப்பதற்காகவே ஏற்பட்டது.

இடம் நிலைத்தாலும் குறிப்பு நிலைப்பதில்லை என்பது மற்றொரு சிக்கல். எண்முறைப் படத்தின் உள்ளே எடுத்த நாள், நேரம், சில வேளை இடம் ஆகியவை பதிந்திருக்கும். ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ வழக்கமான முறையில் பகிரும்போது படம் சுருக்கப்பட்டு அக்குறிப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. பத்துப் பேர் கைமாறிய பின் அது எந்த ஊர்க் கோயில் என்று சொல்ல ஆளில்லை.

நம் பகுதிக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. ஸ்ரீபுரந்தானைப் படமெடுத்து, ஊர்ப்பெயர் விட்டு மாவட்டப் பெயர் மட்டும் எழுதி வைத்தவரை எண்ணிப் பாருங்கள். 1994-இல் அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம். 2001-இல் அரியலூர் மாவட்டம். 2002-இல் மீண்டும் பெரம்பலூர். 2007 நவம்பர் முதல் திரும்பவும் அரியலூர். களவு நடந்தபோது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த கோயில், களவு வெளிப்பட்டபோது அரியலூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர், வட்டம், கோயிலின் பெயர், இறைவன் பெயர், எடுத்த நாள் ஆகிய ஐந்தும் இல்லாத படம் அழகிய படமாக இருக்கலாம். சான்றாக இருக்க முடியாது.

படம் பகிர்வதில் இடர் மற்றொரு பக்கமும் உண்டு. காவலற்ற கோயிலில் இன்ன திருமேனி இருக்கிறது என்று உலகுக்கு அறிவிப்பது கள்வனுக்கும் அறிவிப்பதே. ஆகையால் எல்லாப் படங்களையும் ஒரே வழியில் வைப்பது அறிவுடைமையன்று. சாத்தனூர்க் கல்மரம், இரஞ்சன்குடிக் கோட்டை, கல்வெட்டுகள், காரையின் செம்மண் ஓடைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெளிப்படும் தொல்லுயிர்ப் படிவுகள் ஆகியவற்றின் படங்கள் எவ்வளவு பரவினாலும் நன்று. 2004-இல் தொடங்கி இன்றும் பொதுநலத்துக்காக இயங்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழிலேயே குறிப்பெழுதி அவற்றைச் சேர்க்கலாம். எடுத்துச் செல்லத்தக்க திருமேனிகளின் படங்களை அறநிலையத் துறையிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் ஒப்படைப்பதே முறை.

மாணவர்கள் கல்விச்சுற்றுலா சென்று திரும்பும்போது ஆளுக்கு நூறு படங்கள் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் பத்தைத் தெரிந்தெடுத்து, மேற்சொன்ன ஐந்து குறிப்புகளையும் எழுதச் செய்து, ஒரு படி கல்லூரி நூலகத்திலும் ஒரு படி தனி வட்டிலும் வைக்கச் செய்தல் எந்தத் தமிழ்த்துறைக்கும் இயலாத செயலன்று. அதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. ஏட்டுச்சுவடிகள் நமக்குக் கிடைத்தது பனையோலையின் உறுதியால் மட்டுமன்று. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்ததால். படங்களுக்கும் விதி அதுவே. ஸ்ரீபுரந்தான் நடராசர் திரும்பிவந்தார். படமெடுக்கப்படாத கோயில்களிலிருந்து போனவர் எங்கிருக்கிறார் என்று கேட்கக்கூட நம் கையில் சான்றில்லை.