தலையணைக்கும் ஒரு வரலாறு உண்டு



கல்யாண வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனால் நாம் கட்டிலின் பலகையைத் தட்டிப் பார்க்கிறோம், மெத்தையில் உட்கார்ந்து பார்க்கிறோம். தலையணையை மட்டும் ஒரு தடவை அமத்திப் பார்த்து, மெதுவாக இருந்தால் சரி என்று ஜோடியாக எடுத்துவிடுகிறோம். பிறகு கழுத்து நோவுக்குத் தைலம் தேடுகிறோம்.

தலையணை மெதுவாக இருக்க வேண்டும் என்று எல்லாக் காலத்திலும் மனிதர்கள் நினைக்கவில்லை. பண்டைய எகிப்தியர் தலைக்கு வைத்தது மரத்தாலோ கல்லாலோ செய்த, பிறைபோல் வளைந்த ஒரு தாங்கி. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் மன்னனின் கல்லறையில் தந்தத்திலும் கண்ணாடியிலும் செய்த தாங்கிகள் இருந்தன. துணியைச் சுருட்டி வைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? சீனாவில் சொங் அரசர் காலத்தில் (960–1279) பீங்கான் தலையணைகள் புழக்கத்தில் இருந்தன, வெக்கைக்குக் குளிர்ச்சி. ஜப்பானியப் பெண்கள் கொண்டை கலையாமலிருக்க ஒரு சின்னப் பெட்டி போன்ற தாங்கியில் கழுத்தை வைத்துப் படுத்தார்கள். நினைத்தாலே நமக்குக் கழுத்து வலிக்கிறது!

நமது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் தலையணை தோலால் ஆனது, உள்ளே பேரீச்சை நார். பாயின் தடம் அவர்களது விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரழி) அவர்கள் அழுத சம்பவத்தில் இந்தத் தலையணையும் வருகிறது. புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. குத்பாக்களில் அந்தப் பாயைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம், தலையணையைப் பற்றிக் குறைவு. பாய் வெறும் பாயாக இருந்தபோதும் தலைக்கு ஒரு தாங்கல் இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. தமிழிலும் அதன் பெயர் தலைக்கு அணை, அதாவது தாங்கல்.

எங்கள் உம்மும்மாமார் காலத்துத் தலையணை இலவம்பஞ்சு. இலவு காத்த கிளிக்குத்தான் ஏமாற்றம், பஞ்சு எடுத்தவர்களுக்கு இல்லை. இந்த இழை வழுக்கும், சீக்கிரம் முறியும், அதனால் நூல் நூற்க உதவாது. ஆனால் உள்ளே குழாய்போல் வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஏறாது. அதனால்தான் ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிகளிலும் இதை அடைத்தார்கள். குறை என்னவென்றால், நாளாக இழை உடைந்து தூசாகும், பஞ்சு கட்டிபடும். வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது வெறும் சம்பிரதாயமல்ல. இழுப்பு உள்ளவர்கள் பழைய பஞ்சுத் தலையணையை வைத்துக்கொண்டிருப்பது நல்லதல்ல.

அடுத்து வந்தது றப்பர். பிரேசிலின் விதையில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. றப்பர் பாலை நுரையாக அடித்துப் பஞ்சுபோல் ஆக்கும் முறையை டன்லொப் கம்பனி 1929இல் கண்டுபிடித்தது. இன்று நம் நாட்டிலிருந்தே றப்பர் நுரைத் தலையணைகள் வெளிநாடு போகின்றன. கடைக்காரர் பெரிய விலை சொல்லும் ‘மெமரி ஃபோம்’ 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்டது. உடல் சூட்டுக்கு இளகி, அமத்தினால் மெல்ல மெல்ல எழும். நல்ல பொருள்தான். ஆனால் உயரம் பிழைத்தால் நாசாவாலும் நம் கழுத்தைக் காப்பாற்ற முடியாது.

நாம் சுன்னத்தைப் பேணி வலப்பக்கம் சாய்ந்து படுப்பவர்கள். அப்படிப் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையில் ஒரு இடைவெளி வருகிறது. தலையணை நிரப்ப வேண்டியது அதைத்தான். மூக்கு நெஞ்சுக்கு நேரே நிற்க வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு உயரம் குறைய வேண்டும். அகன்ற தோளுள்ள மாப்பிள்ளைக்கும் ஒடிசலான பெண்ணுக்கும் ஒரே உயரம் எப்படிப் பொருந்தும்? ஜோடியாக வாங்காமல் ஆளுக்கு ஒன்று பார்த்து வாங்குங்கள். கடையில் வெட்கப்படாமல் பக்கவாட்டில் படுத்து, கூட வந்தவரிடம் கழுத்து நேராக இருக்கிறதா என்று கேளுங்கள். மடித்துவிட்டுக் கையை எடுத்தால் திரும்ப விரியாத பழைய தலையணையை மாற்றிவிடுங்கள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாம் கொண்டுபோகும் பரிசுப் பொதியில் பூப்போட்ட குட்டித் தலையணை ஒன்று இருக்கும். ஒரு வயது ஆகும்வரை அது அலுமாரியிலேயே இருக்கட்டும். முகம் அதில் புதைந்தால் பச்சைப் பிள்ளைக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மூச்சு அடைபடும்.